ஊகத்துக்கு ஒரு நிறம் வேண்டும்

ஆலங்காயத்தைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலையடிவாரத்தில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் அவை நிற்கும். ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது மாண்டவனுக்கோ, ஊரைக் காக்கப் போய் உயிர் விட்டவனுக்கோ எடுத்த கல். அவன் பெயரும் கதையும் மறந்து பல தலைமுறை ஆகிவிட்டது. கல்லை மட்டும் ஊர் மறக்கவில்லை. திருப்பத்தூர், செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பல இடங்களில் அவன் வேடியப்பன். எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். வருடக்கணக்கில் எண்ணெய் ஏறிய கல்லில் வீரனின் வில்லும் வாளும் மங்கித் தெரியும். தலைக்கு மேல் எழுத்து இருந்தால் அதுவும் மஞ்சளுக்குள் ஒளிந்திருக்கும்.

அந்தக் கல்லை இன்று ஒரு கைப்பேசியைக் கொண்டே முப்பரிமாணத்தில் பதிவு செய்துவிடலாம். கல்லைச் சுற்றி நடந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வரும்படி நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று மென்பொருள் தேடிப் பிடிக்கும். அதிலிருந்து அந்தப் புள்ளி கல்லில் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். இப்படிப் பல இலட்சம் புள்ளிகள் திரண்டதும் அவற்றை முக்கோண வலையாக இணைக்கும். வலையின்மேல் படங்களின் நிறத்தைப் போர்த்தினால், திரையில் கல் வந்து நிற்கும். விரலால் சுழற்றலாம், பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுத் தேய்ந்த எழுத்தைத் தேடலாம். கண்ணுக்குத் தப்பிய கீறல்கூட அதில் அகப்படுவது உண்டு. நல்ல கருவிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் கல்லின் முதுகு மரத்தோடு ஒட்டியிருக்கிறது. அடிப்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. கேமரா காணாத இடத்தில் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாத இடத்தில் வலை கிழிந்து ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க மென்பொருளில் ஒரு கட்டளை இருக்கிறது. அதை அழுத்தினால் சுற்றியுள்ள பரப்பை இழுத்து மூடி, மேலே பொருத்தமான நிறத்தையும் பூசிவிடும். முடிந்த மாதிரியைப் பார்ப்பவருக்கு எது அளந்த பரப்பு, எது அடைத்த பரப்பு என்று தெரியாது. செய்தவருக்கே ஆறு மாதம் கழித்து நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

இது வெறும் பதிவின் நிலை. மீட்டுருவாக்கம் இதற்கு அடுத்த படி. உடைந்த கையை வளர்க்க வேண்டும், சிதைந்த முகத்துக்கு மூக்கு வைக்க வேண்டும், மஞ்சளைக் கழுவிப் பழைய கல்லின் நிறத்தைக் கொண்டுவர வேண்டும். ஓட்டையை அடைக்கும் அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. கல்லில் இல்லாததைக் கல்லின் பெயரால் சேர்க்கும்போது அந்த உருவத்துக்கு என்ன மெய்த்தன்மை இருக்கிறது? இந்தக் கேள்வி தொல்லியலாளர்களுக்கு மட்டும் உரியது என்று இனிச் சொல்ல முடியாது. நம் பிள்ளைகள் வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிடுகிறார்கள்.

மலைமேல் ஏறிப் பார்க்கலாம். ஜவ்வாது மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையை மூடி, ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை விட்டிருப்பார்கள். இறந்தோருக்கான இடம் என்கிறது தொல்லியல். குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று சொல்வது வட தமிழகத்து மலைக்காரர்களின் வழக்கு. இதை மெய்நிகர் காட்சியாக்க ஒருவர் உட்கார்ந்தால் கல்லின் நீளம், அகலம், துளையின் விட்டம் எல்லாம் அளவோடு கிடைக்கும். அந்தத் துளை வழியே என்ன செய்தார்கள்? சடங்கில் எத்தனை பேர் நின்றார்கள்? என்ன உடுத்தியிருந்தார்கள்? பறை ஒலித்ததா? கல் வாய் திறக்காது. ஆனால் காட்சிக்கு ஆட்கள் வேண்டும், உடை வேண்டும், ஒலி வேண்டும். எல்லாம் எங்கிருந்தோ வரும். பெரும்பாலும் பழைய சினிமாவிலிருந்து வரும்.

திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1964-65 இலும் 1967-68 இலும் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால மக்கள் தரையில் குழி வெட்டி அதற்குள் குடியிருந்த தடயம் அங்கே கிடைத்தது. வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள், கருகிய கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவையும் கிடைத்தன. குழியின் வடிவம் தெரியும். கெட்டிப்படுத்திய தரை தெரியும். கூரை? மண்ணில் அது மக்கி மறைந்துவிட்டது. கோரையா, தர்ப்பையா, மூங்கில்மேல் தழையா, கூம்பாக எழுந்ததா, கவிழ்ந்து நின்றதா? படம் வரைபவர் ஏதாவது ஒன்றை வைத்தே ஆக வேண்டும். வைத்த மறுகணம் அது பையம்பள்ளியின் கூரை ஆகிவிடுகிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளை, புதிய கற்காலம் என்றாலே அந்தக் கூரையைத்தான் நினைக்கும்.

தமிழ்நாட்டின் பெருமைக்குரிய இடங்கள் எல்லாவற்றிலும் இதே சிக்கல் பெரிய அளவில் நிற்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிய கோயில் கம்பீரமாக நிற்கிறது. இராசேந்திரனின் அரண்மனையோ மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகத்தான் எஞ்சியிருக்கிறது. 1980-களிலும் மீண்டும் 2021 முதலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், ஓடுகளைப் பிணைக்கும் இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஓடும் ஆணியும் கிடைத்ததால் மரச்சட்டத்தின்மேல் ஓடு வேய்ந்த கூரை என்று சொல்லலாம். அதற்குமேல் எத்தனை மாடி, எத்தனை தூண், எந்த வண்ணம் என்பதற்குக் கையில் ஆதாரம் இல்லை. யூடியூபில் சுற்றும் சோழர் அரண்மனைக் காணொளிகளைப் பாருங்கள். பொன் வேய்ந்த விமானங்களும் பளிங்குத் தரையும் ராஜஸ்தான் சாளரங்களும் வரிசை கட்டி நிற்கும். இரும்பு ஆணி எங்கேயும் இருக்காது. உண்மையில் கிடைத்த பொருளுக்கு அங்கே இடமில்லை.

பூம்புகாரின் கதை இன்னும் சிக்கலானது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையைத் தொல்லியல் துறை 1960-களில் அகழ்ந்தெடுத்தது. அங்கே கிடைத்த மரக்கட்டையின் காலக்கணிப்பு அதை ஏறத்தாழ கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. அதைக் கையால் தொடலாம், அளக்கலாம். மூழ்கிய பூம்புகாரை டிஜிட்டலில் மீட்டுருவாக்கும் திட்டத்தை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2019-இல் அறிவித்தது. கடலடித் தரையின் ஏற்ற இறக்கத் தரவைக் கொண்டு, கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி 15,000 ஆண்டுப் பழமையான துறைமுக நகரம் இருந்தது என்று பாரதிதாசன் பல்கலைக்கழகக் குழு 2023-இல் சொன்னது. கடலடியில் மேடு பள்ளம் தெரிவது அளவு. அதை மதில் என்றும் தெரு என்றும் படிப்பது விளக்கம். முக்குளித்து ஒரு செங்கல்லை எடுத்து வரும்வரை அளவும் விளக்கமும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வண்ணப்படம் வெளிவந்ததும் நம்மவர்கள் பகிர்ந்தது விளக்கத்தை மட்டும். குமரிக்கண்டக் கனவு ஊறிய மனத்துக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை, கீழடியில் அன்று வாழ்ந்த மக்களின் இடுகாடு. அங்கே கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய முகங்கள் 2025-இல் வெளியாயின. எலும்பின்மேல் தசை எவ்வளவு தடிமனாகப் படியும் என்பதற்கு இன்றைய மக்களிடம் எடுத்த அளவுகள் உண்டு. கண்குழி, மூக்குத்துளை, கன்ன எலும்பு ஆகியவை முகத்தின் சாயலை ஓரளவு சொல்லிவிடும். அதுவரை அறிவியல். கீழ்த்தாடை கிடைக்கவில்லை, அதைக் கணக்கிட்டுச் சேர்த்தார்கள். தோலின் நிறம், கண்ணின் நிறம், தலைமுடி, மீசை பற்றி எலும்பு எதுவும் சொல்லாது. படம் வந்த அன்றே சமூக ஊடகத்தில் சண்டை மூண்டது. நிறம் ஏன் இப்படி, முடி ஏன் அப்படி, இவர் நம்மவரா, வேற்றவரா? ஒருவரும் கன்ன எலும்பைப் பற்றிச் சண்டை போடவில்லை. எலும்பு சொல்லாத இடத்தைப் பற்றித்தான் எல்லாச் சண்டையும்.

அப்படியானால் மீட்டுருவாக்கமே வேண்டாமா? அப்படிச் சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. பையம்பள்ளிக் குழியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினால் அது வெறும் குழி. அதன்மேல் ஒரு கூரையை வைத்து, அடுப்பை மூட்டி, ஒருத்தியை உட்கார வைத்தால்தான் அது வீடு. தொல்லியலாளரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் செய்வது இந்தக் கற்பனையைத்தான். கற்பனை இல்லாமல் ஒரு பானை ஓட்டைக்கூடப் பானை என்று சொல்ல முடியாது. கழுத்துத் துண்டைப் பார்த்து வயிற்றின் வளைவை மனத்தால் முடித்துத்தான் பார்க்கிறோம். எனவே கற்பனையின்மேல் குற்றமில்லை. கற்பனை எது, கண்டது எது என்பதைப் பிரிக்கும் கோட்டை அழித்துவிடுவதில்தான் குற்றம் இருக்கிறது.

அந்தக் கோட்டைப் பேணுவது நமக்குப் புதிதல்ல. கல்வெட்டைப் படியெடுப்பவர்களின் வேலையைக் கவனித்தால் போதும். கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தட்டுத் தூரிகையால் விடாமல் அடிப்பார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மைப்பொதியால் ஒற்றி எடுத்தால் தாள் கறுத்து, எழுத்து வெள்ளையாக நிற்கும். இந்த மைப்படியில் ஒரு நேர்மை உண்டு. எழுத்தும் பதியும், கல்லின் வெடிப்பும் பதியும், சிற்பி கைதவறி விட்ட கொத்தும் பதியும். எது எழுத்து, எது வெடிப்பு என்று தாள் தீர்மானிப்பதில்லை. அது படிப்பவர் பொறுப்பு. படித்தவர் அச்சிடும்போது ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவார். சிதைந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டுவார். அவர் வாசிப்பு தவறு என்று நாளை ஒருவருக்குத் தோன்றினால் மைப்படியை எடுத்து மறுபடி பார்க்கலாம். செங்கம் பகுதி நடுகற்களைத் தொகுத்து 1972-இல் அரசு தொல்லியல் துறை நூலாக வெளியிட்டபோதும் இந்த ஒழுக்கம்தான் அதற்கு அடித்தளம். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. இரு கள்வர்களைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று நமக்குத் தெரிவது, எழுத்து எதுவோ அதை மட்டும் எழுத்தாக ஏற்றுக்கொண்ட பொறுமையால்தான்.

ஏட்டுச் சுவடியிலும் இதே கதை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு என்று பெயர் இருந்தாலும் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 263, 264, 265 ஆகிய மூன்றும் நடுகல் பற்றிய பாடல்கள். அவற்றைத் தாண்டிச் சற்றே நகர்ந்தால் இந்த வெற்றிடம். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. எண்களை நெருக்கிப் போட்டு நூலை முழுமையாகக் காட்டியிருக்கலாம். புலமை மிகுந்த காலம் அது. அந்த நடையில் இரண்டு பாட்டு எழுதிச் செருக ஆள் கிடைக்காமல் போயிருக்காது. எழுதியிருந்தால் இன்று நாம் படிக்கும் பாடல்களில் எதை நம்புவது என்று திண்டாடிக்கொண்டிருப்போம். இரண்டு எண்களைக் காலியாக விட்டதால் மற்ற பாடல்கள் நம்பிக்கைக்கு உரியனவாக நிற்கின்றன. வெற்றிடத்தின் மதிப்பு அதுதான். இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொண்டவர், இருக்கிறது என்று சொல்வதையும் நாம் நம்பலாம்.

வானியலிலும் இதே ஒழுக்கத்தைப் பார்க்கலாம். ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையில் போனால் காவலூர் வரும். கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே கடக்க இருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியை விடாமல் அளந்துகொண்டிருந்தது. கோள் நெருங்கும் வேளையில் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் மறைத்ததாகக் கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த விமானத் தொலைநோக்கியில் ஜேம்ஸ் எலியட் குழுவும் அளந்தது. கோளுக்கு இருபுறமும் ஒளி ஒத்த இடங்களில் மங்கியதைக் கண்டு வளையங்கள் என்று முடிவு செய்தது. காவலூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பதிவை எடுத்து மறுபடி படித்தார்கள். அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனஸைச் சுற்றியுள்ள வளைய அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

இதில் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. துணைக்கோள் என்ற விளக்கம் மாறியது. ஒளி மங்கிய பதிவு மாறவில்லை. இரண்டையும் கலந்து, அழகான துணைக்கோள் படமாக மட்டும் வைத்திருந்தால் திருத்திக்கொள்ளக் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. கண்டதைக் கண்டபடி வைத்திருந்ததால் விளக்கம் தவறானபோதும் காவலூரின் அளவு பயன்பட்டது. வானியலில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் இவ்வளவு பிழை இருக்கலாம் என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாத அளவை யாரும் மதிப்பதில்லை. சோழர் மாளிகையைத் திரையில் எழுப்புபவரிடம் மட்டும் அந்தக் கணக்கை நாம் ஏன் கேட்பதில்லை?

உலகம் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் இருக்கிறது. நினைவுச்சின்னங்களைச் சீரமைப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. அது கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் எழுதிய விதி. கணினிக்கு அது அப்படியே பொருந்தாது. ஊகம் செய்து பார்க்கத்தான் கணினியே. எனவே 2006-இல் உருவாகி 2009-இல் திருத்தம் பெற்ற லண்டன் சாசனமும் 2011-இன் செவில் கோட்பாடுகளும் வேறு வழியில் போயின. ஊகிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முடிவையும் எதை வைத்து எடுத்தோம் என்ற குறிப்பு மாதிரியோடு கூடவே இருக்க வேண்டும்; எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நம் கல்வெட்டுப் பதிப்பின் பகர அடைப்பும் புள்ளியும் முப்பரிமாணத்துக்குப் போனால் இப்படித்தான் இருக்கும்.

வடிவத்தை மட்டும் மீட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. சிரியாவின் பல்மைரா நகரத்து உரோமானியர் காலத் தோரணவாயிலை ஐ.எஸ். அமைப்பினர் 2015-இல் தகர்த்தார்கள். பழைய படங்களிலிருந்து கணினியில் அதை எழுப்பி, எகிப்தியப் பளிங்கில் இயந்திரத்தால் செதுக்கி, அசலைவிடச் சிறிய அளவில் 2016 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். அழிவுக்கு எதிரான அறைகூவல் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. மூலக் கல் பல நூற்றாண்டு வெயிலும் மணற்காற்றும் பட்டது. ஊர் மக்கள் அதன் நிழலில் நடந்தார்கள். புதியதில் அதன் வடிவம் மட்டும் இருக்கிறது, அதுவும் படத்தில் விழுந்த அளவுக்கு. உடைந்த கல்லிடம் நாளை ஒரு புதிய கேள்வி கேட்கலாம். உளித்தடம் எப்படிப்பட்டது, எந்த மலையில் வெட்டியது, எந்த வண்ணம் பூசியிருந்தது என்று கேட்டால் அது ஏதோ ஒரு விடை தரக்கூடும். நகலிடம், நாம் அதற்குள் போட்டதைத் தவிர வேறு எதுவும் கேட்க முடியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எந்தக் காலத்து உண்மை? தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். சோழர் ஓவியம் வேண்டும் என்று மேலே இருந்ததைச் சுரண்டி எறிந்திருந்தால் நாயக்கர் காலம் அழிந்திருக்கும். தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சுவரிலிருந்து உரித்து, வேறு பலகைக்கு மாற்றி, இரண்டையும் காப்பாற்றினார்கள். ஒரு கோயிலின் உண்மை அது கட்டி முடித்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. பின்னால் வந்தவர்கள் அதற்குச் செய்ததும் அதன் வரலாறுதான்.

இந்த இடத்தில் வேடியப்பனை மறுபடி பார்க்க வேண்டும். எழுத்தைப் படிக்க வந்தவருக்கு எண்ணெயும் மஞ்சளும் இடைஞ்சல். திரையில் அவற்றை நீக்கிச் 'சுத்தமான' ஏழாம் நூற்றாண்டுக் கல்லைக் காட்டுவது ஆய்வுக்கு உதவும், அதைச் செய்யலாம். ஆனால் அதுதான் உண்மையான கல், மஞ்சள் பூசியது அதன் கெட்ட நிலை என்று சொல்லிவிட்டால், கல்லைக் காப்பாற்றியவர்களையே வரலாற்றிலிருந்து துடைத்துவிடுகிறோம். ஊர் அதைச் சாமி என்று நம்பியிராவிட்டால் அது எப்போதோ துணி துவைக்கும் கல்லாகவோ வாய்க்கால் பாலமாகவோ போயிருக்கும். சமூகம் ஒரு பொருளுக்குத் தரும் மதிப்பும் அதன் மெய்த்தன்மையில் சேர்ந்தது என்று 1994-இல் ஜப்பானின் நாராவில் கூடிய அறிஞர்கள் ஆவணமாகவே எழுதி வைத்தார்கள். மலையடிவாரத்துக் கிழவிக்கு அந்த ஆவணம் தெரியாது. கல்லுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது தெரியும்.

இவ்வளவும் பார்த்தபின் ஒன்று தெளிவாகிறது. மீட்டுருவாக்கத்தின் மெய்த்தன்மை அது கண்ணைப் பறிக்கும் அளவில் இல்லை. எத்தனை கோடிப் புள்ளிகள் என்பதிலும் இல்லை. தான் தவறாக இருக்கலாம் என்று காட்டவும், தவறு என்றால் திருத்தவும் வழி விட்டு வைத்திருக்கும் மாதிரிதான் மெய்யான மாதிரி. மாற்ற முடியாத முழுமையோடு வரும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் காலத்தின் ஆசையைக் காட்டும். கடந்த காலத்தைக் காட்டாது. பழையவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்களைப் பற்றி நமக்குத் தெரியாததை நிரப்பாமல் வைத்திருப்பது. வருங்காலத்துக்குச் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே. நாம் காலியாக விடும் இடத்தில்தான் அவர்களுக்கு வேலை இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது அவசரமான வேலையும்கூட. சோழர் துறைமுகம் என்று ஒரு வரி தட்டினால் சில நொடியில் படம் வந்துவிடுகிறது. அதில் அளந்த புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. முழுக்க ஓட்டை அடைத்த பரப்பு. அகழாய்வுக் குழியில் வெயிலில் உட்கார்ந்து, தூரிகையால் மண்ணைத் தள்ளி எடுத்த ஒரு செங்கல்லும் இந்தப் படமும் ஒரே திரையில் ஒரே பளபளப்போடு வருகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய கடமை செய்பவருடையது, கேட்க வேண்டிய கடமை நம்முடையது.

அருங்காட்சியகத்துக்கும் காணொளிக்கும் மெய்நிகர் காட்சிக்கும் பணம் ஒதுக்குபவர்கள் நான்கை நிபந்தனையாக வைக்கலாம். அளந்த பகுதி ஒரு நிறத்தில், ஊகித்த பகுதி வேறு நிறத்தில் தெரிய வேண்டும். பார்ப்பவர் விரும்பினால் ஊகத்தை ஒரு பொத்தானில் மறைத்துவிட்டு வெறும் அடித்தளத்தைப் பார்க்க முடிய வேண்டும். மூலத் தரவு, திருத்தாத படங்களோடு, யாரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். ஒரு பிரதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இருக்கட்டும். கல்லைக் கும்பிடும் ஊராரைக் கேட்காமல் கல்லின் கதையை எழுதக்கூடாது. நான்குக்கும் பெரிய செலவு ஒன்றும் ஆகாது, மனம்தான் வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை பழந்தமிழ் நகரம் ஒன்று உங்கள் கைப்பேசியில் எழும்பி நின்றால், பகிர்வதற்கு முன் கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இதில் எந்தக் கல் உண்மையில் கிடைத்தது? பதில் சொல்லத் தெரிந்தவர் செய்த படம் என்றால் தாராளமாகப் பகிருங்கள். பதில் வராவிட்டால், அதை ஓவியமாக ரசியுங்கள். வரலாறாகப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.